நிகர எடை

அடுத்த ஞாயிறு முதல் ஆட்டம்,
தெலுக் இந்தான் திடலில், காலை ஒன்பதுக்கு.
வெள்ளிக்குள் பெயர்கள் போய்ச் சேர வேண்டும்:
பந்து வீசுகிறவர்கள் மூன்று பேர்,
யாருக்கு அடுத்து யார் என்ற வரிசையோடு.

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையின்
எடைப்பாலக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
கோடு போட்ட ஒரே நோட்டு.
முன்னாலிருந்து ஆலையின் ஷிப்ட் பட்டியல்,
பின்னாலிருந்து என் மென்பந்து அணி.
இரண்டும் நடுவில் வந்து முட்டும் என்று
வாங்கியபோது தோன்றவில்லை.

லோரி ஏறுகிறது. குலையோடு ஓர் எடை.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் வெறும் வண்டி எடை.
கழித்து வருவதற்குத்தான் காசு.
மூன்று மாதமாய்ப் பிள்ளைகளையும்
இப்படியே பார்த்துப் பழகிவிட்டேன்.

தவமலர்
கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி
இடுப்போரம் விட்டால்
பந்து வருவது தெரியாது,
கையுறையில் விழுந்த சத்தம்தான் தெரியும்.
கையுறையில் விழுந்தால்.
போன வருஷம் சித்தியவானில்
நான்கு பேருக்கு ஓசியில் முதல் தளம் கொடுத்தாள்.
ஐந்தாவது பெண்ணின் முழங்காலில் போட்டு
அவளுக்கு முன்னால் இவள் அழுதாள்.

ஹஸ்னிதா பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி வீசுவாள்.
ஆனால் கேட்ட இடத்தில் பந்து இருக்கும்,
மேசையில் சம்பல் கிண்ணத்தை வைப்பதுபோல்.
எதிராளி பொறுமை கெட்டு
பந்து வருவதற்குள் மட்டையைச் சுற்றி முடித்திருப்பாள்.
அவளே மூன்றாம் முறை ஆட வரும்போது
கண்டுபிடித்துவிடுவாள்.
அதற்குள் ஹஸ்னிதாவை எடுத்துவிட வேண்டும்.
எப்போது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சுவீ பின் இடக்கைக்காரி.
தோள் வலிக்கிறதா என்றால் போலே லா என்பாள்.
மழையில் போடுவாயா என்றாலும் போலே லா.
எதை நம்புவது?

கோகிலேஸ்வரி இருக்கிறாள்.
எல்லாருக்கும் முன்னால் திடலுக்கு வந்து
சுண்ணாம்புக் கோடு போடுகிறவள்.
அவள் பந்து நேராக வரும்.
வளையாது, தாழாது, ஏமாற்றாது.
அதில் ஒரு பொய்யும் இல்லை.
அதுதான் குறை.

அவளும் தவமலரும் ஆலையில் ஒரே இடம்,
குலை பிரிக்கிற மேடை.
பழம், காய், அழுகல் என்று
கம்பியால் குத்தித் தள்ள வேண்டும்.
இது காய்ப்புக் காலம், ஞாயிறும் ஆலை ஓடும்.
இரண்டு பேரில் ஒருத்தி இருந்தாக வேண்டும்.
இந்தப் பட்டியலை எழுதுகிறவளும் நான்தான்.
மானேஜர் கையெழுத்து மட்டும்தான் போடுவார்,
படித்துப் பார்த்ததில்லை.

நேற்று மாலை, நான் வாயைத் திறக்குமுன்
ஜன்னலருகே வந்து நின்றாள் கோகிலேஸ்வரி.
"ஞாயித்துக்கிழமை நான் இருந்துக்கிறேன்க்கா.
டபுள் சம்பளம்தானே."
தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.
மீலோ பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டே
சைக்கிளை எடுத்துப் போய்விட்டாள்.

அந்தச் சொல்லைக்
குலையோடு ஒரு தடவை எடை போட்டுவிட்டேன்.
கொட்டிவிட்டு வந்து நிற்க
அவள் பாலத்தின் மேல் ஏறவில்லை.

முதல் ஆட்டம் ஹஸ்னிதா என்று எழுதினேன்.
அடுத்தது தவமலர்.
ஆக, முதல் ஞாயிறு தவமலர் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள்.
எழுதி முடித்த பிறகுதான் இது உறைத்தது.
நோட்டைத் திருப்பி
மேடைக்கு நேரே இருந்த கோகிலேஸ்வரியை அழித்தேன்.
தவமலர் என்று எழுதி, அதையும் அழித்தேன்.
ஹஸ்னிதாவை அடித்துத் துவைத்துவிட்டால்
வேகத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தாள் அந்த இடத்தில் மெலிந்து
பின்பக்கத்து எழுத்து தெரிகிறது.
மூன்றாவது வரிசை இன்னும் காலி.

வெளியே ஹாரன்.
டிரைவர் தலையை நீட்டி எவ்வளவு என்கிறார்.
பதினான்கு டன் முந்நூற்று இருபது என்கிறேன்,
வண்டியையும் சேர்த்து.